வலது காலுக்குக் கீழே எரிந்த விளக்கு

கண்ணு,

கல்மண்டபத்துத் தையற்காரர் நேற்று வீட்டுக்கே வந்து உன் கல்யாணக் கோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்த மனிதர் சும்மா போகவில்லை. "தம்பி கழுத்த நல்லா தூக்கி வெச்சுத் தெக்கச் சொல்லிச்சு. இந்த வெயில்ல போட்டா வெந்து பூடும். நான் சொன்னா கேக்கல, நீங்களாவது சொல்லுங்க" என்று பாரத்தை என் தலையில் இறக்கினார். பிரித்துப் பார்த்தேன். காலர் தாடைவரை நிற்கிறது. பேண்டு வாத்தியக் கோஷ்டியில் முன்னால் நடக்கிறவன்கூட இப்படி ஒரு கோட்டுப் போடமாட்டான். எதற்கு இந்தக் காலர் என்று எனக்குத் தெரியாதா? பெண் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவிலேயே ஸ்டூடியோக்காரர் மை தடவி உன் கழுத்தை மழமழவென்று ஆக்கியிருந்தார். அன்றைக்கே கேட்டிருப்பேன், உன் அம்மா கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டாள். போன வாரம் அவள் உன்னிடம், "பொண்ணாண்ட கழுத்து விசயம் சொன்னியாடா?" என்று கேட்டதற்கு, "கல்யாணம் ஆவட்டும்மா, அப்பறம் சொல்லிக்கலாம்" என்றாய். நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஒரு வரிகூட எனக்கு ஏறவில்லை.

நேரில் சொன்னால் கத்துவேன். நான் கத்தினால் நீ வாயை மூடிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாய். நம் வீட்டில் எப்போதும் நடப்பது அதுதான். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதை சின்னது: நாலு வயசில் தொண்டை அடைப்பான் வந்தது, டாக்டரம்மா கழுத்தைத் திறந்து காப்பாற்றினார். யாராவது கேட்டால் அந்த ஒரு வரியைத்தான் சொல்கிறாய், அதையும் எரிச்சலோடு சொல்கிறாய். அந்த வரிக்குள் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. தெரியாதது உன் குற்றமில்லை, நாங்கள் சொல்லவில்லை. சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது, அதுவும் வரும். பொறுமையாகப் படி. பாதியில் மடித்து வைத்தாயானால் உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன்.

நீ பிறப்பதற்கு முன்பே நான் அந்த லாரியில் ஏறிவிட்டேன். யுத்தம் முடிந்ததும் ஏலத்துக்கு வந்த பட்டாளத்து லாரி. ராயபுரத்தில் மளிகை மண்டி வைத்திருந்த தெற்கத்திக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று அதை வாங்கி, பின்னால் இழுத்துப்போக ஒரு டிரெய்லரும் கட்டியது. டிரெய்லர் என்றால் மூட்டை ஏற்றுகிற தட்டு இல்லை. கதவு, ஜன்னல், கூரை எல்லாம் வைத்த சின்ன அறை. உள்ளே நோயாளி படுக்க ஒரு மேஜை, மருந்து அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி. அந்த வீட்டுப் பெண்தான் டாக்டரம்மா. படித்து முடித்ததும், "ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவங்ககிட்ட நான் போறேன்" என்று அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கிய வண்டி. கம்பவுண்டர் மஸ்தான் பாய், வண்ணாரப்பேட்டைக்காரர். நான் டிரைவர், உன் அம்மா ஆயா. திருவொற்றியூரில் தொடங்கி எண்ணூர், அத்திப்பட்டு வரைக்கும் எந்தக் குப்பத்தில் போய் நின்றாலும் கூட்டம் கூடிவிடும். உன்னை விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் நீயும் எங்களோடுதான். டிரெய்லர் மூலையில் மருந்துப் பெட்டிமேல் துணி விரித்து உட்கார வைத்தால், ஊர் வரும்வரை வாயில் விரலைப் போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டே வருவாய்.

டாக்டரம்மாவுக்கு இருந்த ஒரே குறை வெளிச்சம். டிரெய்லர் ஜன்னல் சின்னது. உள்ளே பெட்ரோமாக்ஸ் கொளுத்தினால் மயக்க மருந்து பற்றிக்கொள்ளும். எலக்ட்ரிக் விளக்குதான் வேண்டும் என்றார். குப்பத்தில் கரண்டுக்கு எங்கே போவது? ராயபுரத்துப் பேட்டரிக் கடைக்காரரிடம் யோசனை கேட்டு, டிரெய்லர் தரையில் புது பேட்டரிகள் வைத்து, மேஜைக்கு நேர் மேலே ஒரு ஹெட்லைட் பல்பைத் தொங்கவிட்டோம். பேட்டரியைக் கடைக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்க முடியாது, லாரி ஓடும்போதே ஏறிக்கொள்ள வேண்டும். இஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற டைனமோவிலிருந்து ஒரு ஒயர் லாரியின் பின்பக்கம் வரும். அங்கே ஒரு சாக்கெட். டிரெய்லரின் பிளக்கை அதில் குத்திவிட்டால் போகிற வழியெல்லாம் பேட்டரி நிரம்பும். கேட்கச் சுலபம். முதலில் நான் போட்டது ஒல்லி ஒயர். எண்ணூர் வரை ஓட்டிப்போயும் விளக்கு அழுது வடிந்தது. கடைக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். "இம்மாம் நீளத்துக்கு இந்தக் கம்பில அனுப்புனா கரண்டு வழியிலயே செத்துப் பூடும் நைனா. ஹார்பராண்ட போ, தடியா கேபிள் கெடைக்கும்" என்றார். துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள் வாங்கி மாட்டினேன். அன்றைக்கு விளக்கைப் போட்டதும் மஸ்தான் பாய் கண்ணை மறைத்துக்கொண்டு, "யா அல்லா! மாமு, உள்ள சூரியன கொணாந்து வெச்சிட்டியே!" என்று கூவினார்.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. வண்டி ஓடினால்தான் கரண்டு ஏறும். நின்ற இடத்தில் இஞ்சின் சும்மா முனகிக்கொண்டிருந்தால் டைனமோ ஒன்றும் தராது. இஞ்சினை அணைத்துவிட்டாலோ இன்னும் மோசம், டிரெய்லர் திரும்பி லாரியின் பேட்டரியைக் குடிக்க ஆரம்பித்துவிடும். லாரியில் இருந்தது கிழட்டு பேட்டரி. ஹாரன் அடிக்கவே அதற்கு மூச்சு வாங்கும், காலையில் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்புவேன். அதனால் நிறுத்தினால் உடனே சீட்டுக்குப் பக்கத்திலிருந்த சுவிட்சை அணைத்து இரண்டையும் பிரித்துவிட வேண்டும். நான் மறப்பேன். உன் அம்மா டிரெய்லரிலிருந்து இறங்கும்போதே, "சுச்ச அணைச்சியாயா?" என்பாள். இன்றைக்கு லாரியும் இல்லை, டிரெய்லரும் இல்லை. ஆனாலும் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு நான் உம்மென்று உட்கார்ந்திருந்தால் அவள் கேட்பது அதையேதான். கல்யாணம் செய்துகொள்கிறவனுக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் இல்லை. ஓடும்போது கொடு. கோபத்தில் நின்றுவிட்டால் கொஞ்ச நேரம் சுவிட்சை அணைத்து வை, ஒருத்தரை ஒருத்தர் உறிஞ்ச வேண்டாம். மறுபடி கிளம்பும்போது போட மறக்காதே. அவ்வளவுதான்.

டிரெய்லரில் இருப்பவர்கள் என்னோடு பேச ஒரு கயிறும் மணியும் கட்டியிருந்தோம், பஸ்ஸில் இருப்பதுபோல. ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு மணி அடித்தால் போகலாம். இரண்டு மணி அடிக்கிற வேலை உன்னுடையது. வேறு யாராவது கயிற்றைத் தொட்டால் ஊரைக் கூட்டுவாய். அம்மா உன்னைத் தூக்கிப் பிடிப்பாள், டிங் டிங் என்று அடிப்பாய், நான் கியரைப் போடுவேன். காலையில் நான் பிளக்கைக் குத்தும்போதும் பக்கத்தில் வந்து நிற்பாய். "இன்னா பண்றே நைனா?" என்று தினமும் கேட்பாய். "டிரெய்லருக்குப் பசிக்குதுடா. லாரி சோறு ஊட்டுது. இதான் வாயி" என்று சாக்கெட்டைக் காட்டுவேன். சாக்கெட் சரியாக உன் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

உனக்கு நாலு வயசான அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, ஸ்டீயரிங்குக்கு மாலை போட்டோம். டாக்டரம்மா தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டுவந்து, "இதுக்கும் ஒரு பொட்டு வைங்க" என்று நீட்டினார். மஸ்தான் பாய் வாங்கிவந்த பொரிகடலையை எல்லோருமாகச் சாப்பிட்டோம். உன் அம்மா உன் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, "டயருக்கெல்லாம் நீ வைடா ராசா" என்றாள். நீ லாரியைச் சுற்றிச் சுற்றி ஓடினாய். கதவுக்கு, பம்பருக்கு, மஸ்தான் பாயின் வழுக்கைத் தலைக்கு என்று எதையும் விடவில்லை. மறுநாள் காலையில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். பிளக்கைக் குத்தும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. ஒரு குத்து விட்டு உள்ளே தள்ளினேன். ஸ்டீயரிங்குக்கு முன்னால் எவ்வளவு கரண்டு ஏறுகிறது என்று காட்டும் மீட்டரில் முள் வழக்கத்தைவிடக் கம்மியாக ஏறி நின்றது. பண்டிகைக்கு விளக்கு எரியாததால் பேட்டரி நிறைந்தபடியே இருக்கும், அதனால்தான் அதிகம் இழுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உடனே மழை பிடித்துக்கொண்டது, சாக்கெட்டில் தண்ணீர் இறங்குமே என்று அந்தப் பிளக்கை அப்புறம் நான் கழற்றவே இல்லை. பகலெல்லாம் இருட்டு, ஒவ்வொரு குப்பத்திலும் காய்ச்சல், காலையிலிருந்து சாயங்காலம் வரை விளக்கு எரிந்தது. "வெளிச்சம் மஞ்சளா கீதே" என்று உன் அம்மா ஒரு நாள் சொன்னாள். "மழை இருட்டும்மே, பல்பு இன்னா பண்ணும்?" என்று எரிந்து விழுந்தேன். அப்புறம் அத்திப்பட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் நின்றிருந்த அன்றைக்கு உனக்குக் காய்ச்சல். மதியத்துக்குள் இருமல் நாய் குரைப்பதுபோல மாறிவிட்டது. டாக்டரம்மா உன் நாக்கைக் கரண்டியால் அழுத்திப் பார்த்தார். தொண்டையில் வெள்ளையாகத் தோல் படர்ந்திருந்தது. அந்த அம்மாவின் முகம் அப்படி மாறி நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை. "இதுக்கு மருந்து பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. டிரைவர், உடனே கிளம்புங்க" என்றார். வெளியே மழையில் நனைந்தபடி எத்தனையோ பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் வேறு. ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. லாரிச் சக்கரம் சேற்றில் புதைந்து சுற்றியபோது அந்த மீன்காரப் பெண்கள்தான் கூடையைக் கீழே வைத்துவிட்டு வண்டியைத் தள்ளினார்கள். "நீ போய்க்கினே இரு நைனா, நாங்க நாளைக்குப் பாத்துக்குறோம், கொயந்தய பாரு!" என்று ஒருத்தி கத்தினாள். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது. இன்றைக்கும் எண்ணூர்ப் பக்கத்து மீன்கூடைக்காரி எவளைக் கண்டாலும் எனக்குக் கை தானாகக் கும்பிடப் போகும், பேரம் பேச வாய் வராது. உன் அம்மா அதற்காகவே என்னை மீன் வாங்க அனுப்புவதில்லை.

எண்ணூரைத் தாண்டிக் கடற்கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். இடதுபக்கம் கடல் கறுத்துக் கிடந்தது. ஒரு மணி அடித்தது. நான் பிரேக்கில் கால் வைப்பதற்குள் மறுபடி மறுபடி மணி. இஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கிப் பின்னால் ஓடினேன். நீ மேஜைமேல் கிடந்தாய். உதடு நீலமாகியிருந்தது. மூச்சை இழுக்க இழுக்கக் கழுத்துக்குழி உள்ளே போனது. உன் அம்மா உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அழவில்லை. "ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது. இங்கேயே கழுத்துல ஒரு வழி பண்ணி, குழாய் வெச்சு மூச்சு விட வைக்கணும். ஓடுற வண்டியில கத்தி வைக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. விளக்கைப் போட்டார். பல்பு பீடி நுனிபோலச் சிவந்தது, அதற்குமேல் வரவில்லை. மஸ்தான் பாய் டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார், மழையில் ஊறி அதுவும் செத்துக் கிடந்தது. "இந்த வெளிச்சத்துல எது ரத்தக்குழாய், எது மூச்சுக்குழாய்னு எனக்குத் தெரியாது! வெளிச்சம் குடுங்க டிரைவர்!" என்று அந்த அம்மா கத்தினார். அத்தனை வருஷத்தில் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

சாக்கெட்டுக்கு ஓடினேன். பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு துளை சுத்தமாக இருந்தது. இன்னொன்றில் மஞ்சளாக என்னவோ கெட்டியாக அடைத்திருந்தது. தொட்டு முகர்ந்தேன். சந்தனம். துளையின் ஓரத்தில் பிதுங்கியிருந்ததில் ஒரு சின்ன விரலின் தடம் காய்ந்து அப்படியே இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, கண்ணு. பண்டிகை அன்றைக்கு எல்லோரும் பொரிகடலை தின்றோம், டிரெய்லர் மட்டும் பட்டினியாக நிற்கிறதே என்று நீ அதன் வாயில் சோறு ஊட்டியிருக்கிறாய். அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கரண்டுகூடப் பின்னால் போகவில்லை.

என் மடக்குக் கத்தியின் முனை துளைக்குள் நுழையவில்லை. "ஊசி! ஊசி எதுனா குடு!" என்று கத்தினேன். ஜன்னல் வழியாக உன் அம்மாவின் கை வந்தது, கொண்டையிலிருந்து பிடுங்கிய ஊசியோடு. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மஸ்தான் பாய் தன் கைலியை அவிழ்த்து என் தலைக்குமேல் விரித்துப் பிடித்தார், உள்ளே அரை டிராயரோடு நடுரோட்டில் நின்றார். சுரண்டினேன், ஊதினேன், பிளக்கைக் குத்தினேன். பிளக் இப்போது லொடலொடத்தது. "நீ போ மாமு, இத்த நான் புடிச்சுக்கினு கீறேன். கை போனாலும் உடமாட்டேன், போ!" என்றார் பாய். பேட்டரி எல்லாம் வறண்டு கிடந்தது, நின்ற வண்டியில் டைனமோ தானாக ஒன்றும் தராது என்று சொன்னேன் இல்லையா? ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை அழுத்தினேன். பின்னாலிருந்து பாய் கத்தினார்: "வருது! வருது! இன்னும்! போதும், அங்கியே நில்லு! டாக்டரம்மா அப்பிடியே வெக்கச் சொல்றாங்க!"

காலைத் தளர்த்தினால் விளக்கு மங்கும். அதிகமாக அழுத்தினால் அந்தப் பழைய டைனமோ பல்பைச் சுட்டுவிடும், வேறு பல்பு கிடையாது. விளக்கு என் வலது காலுக்குக் கீழே எரிந்தது. பின்னால் என் பிள்ளையின் கழுத்தில் கத்தி இறங்குகிறது, எழுந்து போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை. மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் நடுங்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து அழுத்திக்கொண்டேன். சாமி பேர் ஒன்றும் வாயில் வரவில்லை. "அணஞ்சிராதடா, அணஞ்சிராதடா" என்று லாரியிடம்தான் கெஞ்சினேன். அதுவரை இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டுக்கொண்டிருந்த உன் இருமல் சட்டென்று நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நீ ஒரு பிள்ளைக்குத் தகப்பனான பிறகு யோசித்துப் பார். அப்போதும் காலை எடுக்கவில்லை. எடுத்தால் இருட்டிவிடும், இருட்டிவிட்டால் நான் இருட்டாக்கியது என்று ஆகிவிடும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

மணி அடித்தது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. உன் அம்மாதான் அடித்தாள், உன் தலையைப் பிடித்தபடியே ஒரு கையால் எட்டி அடித்ததால் இரண்டுக்கும் நடுவில் அத்தனை இடைவெளி. நிறுத்தச் சொல்கிறாளா, போகச் சொல்கிறாளா? நம்பப் பயந்துகொண்டு அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தேன். மஸ்தான் பாய் சொட்டச் சொட்ட வந்து என் தோளில் ரெண்டு தட்டுத் தட்டினார். "மாமு, கால எடு. புள்ள குயா வழியா ஜம்முனு மூச்சு உடுறான். உதடு செவந்துடுச்சு. ரைட்டு, ரைட்டு, போலாம்!" என்றார். அவர் உள்ளங்கையில் பிளக்கின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. நான் அழுதேன், கண்ணு. அழுதுகொண்டேதான் ராயபுரம்வரை ஓட்டினேன். மழை பெய்ததால் என் முகம் நனைந்திருந்ததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து போட்டார்கள். கழுத்தில் குழாய் இருக்கும்வரை உன்னால் பேச முடியாது. அந்த நாட்களில் உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் கையைக் காட்டுவாய். ஒரு நாள் காலையில் கஞ்சிக் கரண்டியை எடுத்து இரும்புக் கட்டிலில் ரெண்டு தட்டுத் தட்டினாய். நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்கும் உன் அம்மாவுக்கும் புரிந்தது. போகலாமாம். அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அந்தக் கொண்டை ஊசியை எடுத்துப் பார்த்தாள். நான் கழுவாமல் சட்டைப் பையில் போட்டிருந்தேன், நுனியில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. "சந்தனமா?" என்றாள். தலையை ஆட்டினேன். "கிண்ணத்த குடுத்தது நாந்தானே" என்றாள். "இதான் வாயின்னு காட்டிக் குடுத்தது நானு" என்றேன். அவள் ஊசியைத் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். "பையனாண்ட இப்ப சொல்லாதய்யா, பயந்து பூடுவான். பெரியவனா ஆயி, அவன் வூட்டுக்கு ஒருத்தி வரும்போது சொல்லு" என்றாள். அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தச் சாக்கெட்டில் நான் தக்கை அடைத்துவிட்டு, அதன்மேல் உன்னைப் பொட்டு வைக்கச் சொல்வேனே, எதற்கு என்று நீ கேட்டால் எரிந்து விழுவேனே, ஞாபகம் இருக்கிறதா? இதற்குத்தான்.

இப்போது இந்தக் காலருக்கு வருகிறேன். டாக்டரம்மா, இப்போது போய் இருக்கிற தெற்கத்திச் சொந்த ஊரிலிருந்து உன் கல்யாணத்துக்கு ரயில் ஏறிவிட்டார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அந்த அம்மா போடுகிற கார்டில் உன் படிப்பைப் பற்றி, வேலையைப் பற்றி எல்லாம் கடைசியில்தான் கேட்பார். முதல் வரி, "கழுத்து நல்லா இருக்கா?" என்பதுதான். மணவறைக்கு வந்தால் உன் முகத்தை அப்புறம் பார்ப்பார், முதலில் தன் கைவேலையைப் பார்ப்பார். மஸ்தான் பாய்க்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. கையால் தடவித்தான் பார்ப்பார். அவர்களிடம் அந்தப் பேண்டு வாத்தியக் காலரையா காட்டப் போகிறாய்? அந்தத் தழும்பை நன்றாகக் கண்ணாடியில் பார். கோடு எவ்வளவு நேராக இருக்கிறது! விளக்கு ஒரு நொடி தடுமாறியிருந்தால் அது கோணியிருக்கும், அல்லது நீயே இருந்திருக்கமாட்டாய். எனக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, உனக்கு எழுதி வைக்க ஒன்றும் இல்லை. நான் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரு வேலை உன் கழுத்தில் இருக்கிறது. அதைப் போய் மை தடவி அழிக்கிறாயே என்றுதான் எனக்குக் கோபம்.

கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு அந்தக் காலரை நானே வெட்டப் போனேன். உன் அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள். "அவன் கயுத்து, அவன் இஷ்டம். சொல்றத சொல்லு, அப்பறம் சுச்ச அணை" என்றாள். சரி, அணைத்துவிட்டேன். உன் இஷ்டம். ஆனால் அந்தப் பெண்ணிடம் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடு. தழும்பை மட்டும் சொல்லாதே. வண்டி தள்ளிய மீன்காரிகளை, கைலியை அவிழ்த்த பாயை, கொண்டை ஊசியை, டிரெய்லருக்குச் சோறு ஊட்டிய பையனையும் சேர்த்துச் சொல். அவள் சிரிப்பாள், அப்புறம் கண்ணைத் துடைப்பாள். அப்படிச் செய்யாத பெண்ணை உன் அம்மா உனக்குப் பார்த்திருக்கமாட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்தாலும், சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்தாலும், மனசு ஏதாவது ஒன்றுக்குப் பதறினால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். நீ பள்ளிக்கூடப் பரீட்சை எழுதியபோது அழுத்தியது, முதல் வேலைக்குக் கிளம்பியபோது அழுத்தியது. நீ தாலி கட்டும்போதும் நான் முன்வரிசையில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டுதான் இருப்பேன். நீ திரும்பிப் பார்க்க வேண்டாம், உன் வேலையைப் பார். கெட்டிமேளம் அடங்கியதும் உன் அம்மா என் தோளில் ரெண்டு தட்டுத் தட்டுவாள். அப்போது காலை எடுத்துவிடுகிறேன்.

உன் நைனா